வாக்குச்சீட்டில் ஒரு கைதி

பாலஸ்தீனத் தலைவர் மர்வான் பர்கூத்திக்கு முதல் மகன் பிறந்த செய்தி வந்தபோது, அவர் இஸ்ரேலியச் சிறை ஒன்றில் உண்ணாவிரதத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தால் இனிப்புக் கொடுப்பது பாலஸ்தீனர்கள் வழக்கமும்தான். ஆனால் உண்ணாவிரதம் இருப்பவர்கள் தண்ணீரையும் உப்பையும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. எனவே சக கைதிகளுக்கு அவர் உப்பை வழங்கினார். அந்த மகன் காஸம், பதினெட்டு வயதைத் தொட்டதும் கைதாகி நான்கு ஆண்டுகள் சிறையில் இருந்தார். அப்போதும் தகப்பனார் உள்ளேதான் இருந்தார். பாலஸ்தீன அரசியல் கைதிகளைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். இந்த உப்பு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

*

பர்கூத்தியின் ஊர் கோபர். ரமல்லாவுக்கு வடக்கே மலைப்பாங்கான ஒரு சிற்றூர். 1959இல் பிறந்தார். 1967 போரில் மேற்குக் கரை இஸ்ரேலிய ராணுவத்தின் கைக்குப் போனபோது அவருக்கு எட்டு வயது. பதினைந்து வயதில் முதல் சிறைவாசம்.

பர்கூத்தி என்பது பெரிய குலத்தின் பெயர். செய்தி வாசிக்கும்போது ஆளை மாற்றிப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. கவிஞர் முரீத் பர்கூத்தி வேறு, மருத்துவரும் அரசியல்வாதியுமான முஸ்தஃபா பர்கூத்தி வேறு. இதே கோபரைச் சேர்ந்தவர் நாயில் பர்கூத்தி. 1978இல் கைதாகி 2011இல் வெளியே வந்தார். 2014இல் மறுபடி பிடித்துக்கொண்டு போனார்கள். 2025 பிப்ரவரியில் விடுவித்து எகிப்துக்கு அனுப்பினார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய 45 ஆண்டுகள். ஒரு சிற்றூரின் கணக்கு இது.

*

மர்வான் எபிரேய மொழியைச் சிறையில் கற்றார். பள்ளிப் படிப்பை முடித்ததும் சிறையில்தான். பிறகு பீர்ஸெய்த் பல்கலைக்கழகம், மாணவர் பேரவைத் தலைவர் பதவி, மீண்டும் கைது. வரலாறும் அரசியலும் படிக்கச் சேர்ந்தவர் இளங்கலையை முடிக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. இடையில் 1987இல் ஜோர்டானுக்கு நாடுகடத்தப்பட்டார். முதல் இன்திஃபாதா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சி தொடங்கிய ஆண்டு அது. தெருவில் கல்லெறிந்துகொண்டிருந்த தலைமுறையின் இயல்பான தலைவர்களில் ஒருவர், அந்த ஆண்டுகள் முழுவதையும் எல்லைக்கு அப்பால் கழிக்க வேண்டியிருந்தது. ஊர் திரும்பியது 1994இல், இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட ஒஸ்லோ உடன்பாட்டுக்குப் பிறகு.

மனைவி ஃபத்வா. 1984இல் திருமணம். வழக்கறிஞர். நான்கு பிள்ளைகள்.

*

ஒஸ்லோவை நம்பியவர் பர்கூத்தி என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு நாடுகள் அருகருகே இருக்க வேண்டும் என்ற கொள்கையை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். யாசர் அராஃபத்தின் ஃபத்தா இயக்கத்துக்கு மேற்குக் கரைப் பொதுச்செயலாளராக, 1996இல் பாலஸ்தீன சட்டமன்ற உறுப்பினராக, இஸ்ரேலிய நாடாளுமன்ற உறுப்பினர்களோடும் சமாதான இயக்கத்தாரோடும் அவர்கள் மொழியிலேயே பேசிப் பழகினார். மெரெட்ஸ் கட்சியின் ஹைம் ஓரோன் பிற்காலத்தில் சிறைக்கே போய் அவரைப் பார்த்துவந்தார்.

அதே ஆண்டுகளில் அராஃபத் தலைமையிலான பாலஸ்தீன நிர்வாகத்துக்குள் நடந்த ஊழலையும், பாலஸ்தீனக் காவல் அமைப்புகளின் அத்துமீறல்களையும் சட்டமன்றத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். துனிஸிலிருந்து அராஃபத்தோடு வந்திறங்கியவர்கள் ஒரு பக்கம். உள்ளூரிலேயே இருந்து சிறை சென்றவர்கள் மறுபக்கம். பதவிகள் பெரும்பாலும் முதல் தரப்புக்குப் போயின. பர்கூத்தி இரண்டாம் தரப்பின் முகம். இந்தப் பிளவை மனதில் வைத்துக்கொள்ளாமல் பின்னால் நடந்த எதையும் புரிந்துகொள்ள முடியாது.

ஏழு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. அதே ஏழு ஆண்டுகளில் இஸ்ரேலியக் குடியேற்றங்கள் பெருகின. சமாதானத்தை நம்பச் சொல்லி மக்களிடம் போனவருக்கு, அந்த மக்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் போயிற்று.

*

2000 செப்டம்பரில் இரண்டாம் இன்திஃபாதா வெடித்தது. அவர் ஃபத்தாவின் தன்ஸீம் அமைப்புக்குத் தலைவர், ஊர்வலங்களில் முன்வரிசையில் நடப்பவர். அல் அக்ஸா தியாகிகள் படையணி என்ற ஆயுதக் குழுவை உருவாக்கி வழிநடத்தியவர் அவர்தான் என்றது இஸ்ரேல். நான் அரசியல் தலைவர், ராணுவத் தளபதி அல்ல என்றார் அவர். 2001 ஆகஸ்டில் ரமல்லாவில் அவருடன் சென்ற வாகனத்தின் மீது ஏவுகணை பாய்ந்தது. அவர் தப்பினார்.

2002 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாப்பு வேண்டுமானால் ஆக்கிரமிப்பை முடித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். இஸ்ரேலுக்குள் பொதுமக்களைக் குறிவைப்பதைத் தானும் ஃபத்தாவும் எதிர்ப்பதாகச் சொல்லிவிட்டு, ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமையை விட்டுத்தர முடியாது என்று எழுதினார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ரமல்லாவில் பிடிபட்டார்.

*

வழக்கைப் பற்றிப் பேசும்போது ஆதரவாளர்கள் பலர் சில வரிகளைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது.

2004 மே 20 அன்று டெல் அவீவ் மாவட்ட நீதிமன்றம் மூன்று தாக்குதல்களில் இறந்த ஐந்து பேரின் கொலைக்கு அவரைக் குற்றவாளி என்றது. ஜெருசலேம் அருகே மாலே அதுமிம் சாலையில் இஸ்ரேலியர் என்று தவறாக நினைத்துச் சுடப்பட்ட ஒரு கிரேக்கத் துறவி. கிவத் ஸேவ் பெட்ரோல் பங்கில் கொல்லப்பட்ட ஒரு பெண். 2002 மார்ச்சில் டெல் அவீவ் உணவகத்தில் மூன்று பேர். அந்த உணவகம் இருந்த இடம் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி அல்ல, இஸ்ரேலுக்குள். அவருடைய கட்டுரை வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் சொன்ன எல்லைக்கோட்டை அவரது இயக்கத்தின் பெயரால் இயங்கியவர்களே மீறினார்கள். அதில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் நீதிமன்றத்தின் முடிவை ஏற்காதவர்களும், அந்த ஐந்து பேரும் மனிதர்கள் என்பதை ஏற்றே ஆக வேண்டும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் அவர்களில் உண்டு, வண்டிக்கு எரிபொருள் போட நின்றவர் அந்தப் பெண்.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: குற்றப்பத்திரிகை சுமத்திய மற்றக் கொலைகளில், 21 பேரின் சாவில், அவருடைய தொடர்பை நிரூபிக்கச் சான்று இல்லை என்று அதே நீதிமன்றம் விடுவித்தது. அவர் கையால் யாரையும் கொன்றார் என்பது குற்றச்சாட்டே அல்ல. ஒப்புதல் கொடுத்தார், ஆட்களையும் பணத்தையும் ஏற்பாடு செய்தார் என்பதுதான். அவரோ விசாரணையையே ஏற்கவில்லை. ஆக்கிரமித்த நாட்டின் நீதிமன்றத்துக்கு, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு எதிர்வாதம் செய்யாமல் நின்றார். விலங்கிட்ட கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கூண்டிலிருந்து எபிரேயத்தில் பேசினார். நாடாளுமன்றங்களுக்கிடையேயான ஒன்றியம் ஒரு சட்ட வல்லுநரை அனுப்பி வழக்கை ஆராய்ந்தது. நியாயமான விசாரணைக்குரிய தரம் அங்கே இல்லை என்பது அவர் அறிக்கையின் முடிவு.

ஜூனில் தண்டனை அறிவிக்கப்பட்டது: ஐந்து ஆயுள், அதற்கு மேல் 40 ஆண்டுகள்.

என் கருத்து இது. ஆயுதப் போராட்டத்தின் பொறுப்பிலிருந்து அவரை முழுவதும் கழுவிவிட முடியாது. அந்த வழக்கை நீதி என்று ஏற்கவும் முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லத் தயங்குகிறவர்கள், எந்தப் பக்கம் நின்றாலும், அவருக்கு நன்மை செய்யவில்லை.

*

கூண்டில் நின்று கைகளைத் தூக்கிய அந்தத் தோற்றம்தான் இன்று கலந்தியா சோதனைச் சாவடியருகே இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரில் பிரம்மாண்டமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அராஃபத். ரமல்லாவிலிருந்து ஜெருசலேம் போக வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் பார்க்கும் படம்.

*

அராஃபத் 2004 நவம்பரில் இறந்தார். அடுத்த மாதமே பர்கூத்தி சிறையிலிருந்து ஜனாதிபதித் தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்தார். மனைவி போய்ப் பதிவு செய்தார். ஃபத்தாவின் மூத்தவர்கள் பதறினார்கள். பன்னிரண்டாம் தேதி விலகிக்கொண்டார். 2005 ஜனவரியில் மஹ்மூத் அப்பாஸ் வென்றார். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அவர் இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார்.

2006 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். ஃபத்தா பட்டியலின் முதல் பெயர், சிறையில் இருந்த பர்கூத்தி. முன்னதாக இளையவர்களோடு சேர்ந்து தனிப் பட்டியல் போட்டிருந்தார், கடைசி நேரத்தில் சமரசம் செய்து இணைத்தார்கள். 132 இடங்களில் போட்டி இயக்கமான ஹமாஸுக்கு 74, ஃபத்தாவுக்கு 45. அவர் ஜெயித்தார், கட்சி தோற்றது. ஊழலைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக அவர் சொல்லிவந்ததை வாக்காளர்கள் வேறு வழியில் சொல்லிக்காட்டினார்கள்.

2009இல் பெத்லஹேமில் கூடிய ஃபத்தா மாநாடு அவரை மத்தியக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. 2016 மாநாட்டில் எல்லோரையும்விட அதிக வாக்கு அவருக்கு. பொறுப்புகளைப் பங்கிட்டபோது துணைத் தலைவர் பதவி மஹ்மூத் அல் ஆலூலுக்குப் போனது. பர்கூத்திக்கு ஒன்றும் இல்லை.

2021இல் ஒரு தேர்தல் அறிவிக்கப்பட்டது. அராஃபத்தின் சகோதரி மகன் நாஸர் அல் குத்வாவோடு சேர்ந்து 'விடுதலை' என்ற தனிப் பட்டியலை நிறுத்தினார். பட்டியலில் ஃபத்வாவின் பெயரும் இருந்தது. மே 22 வாக்குப்பதிவு. ஏப்ரல் இறுதியில் அப்பாஸ் தள்ளிவைத்தார். கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் இடம் தரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அது பொய்யான காரணம் அல்ல. ஆனால் ஃபத்தா மூன்றாகப் பிளந்து நின்ற நேரத்தில் அந்தக் காரணம் மிக வசதியாக வந்து சேர்ந்தது. அந்தத் தேர்தல் இன்றுவரை நடக்கவில்லை.

ரமல்லாவில் இருக்கும் கலீல் ஷிகாகியின் ஆய்வு மையம் பல ஆண்டுகளாகக் கருத்துக்கணிப்பு நடத்திவருகிறது. பர்கூத்தி போட்டியிட்டால் அப்பாஸையும் தோற்கடிப்பார், ஹமாஸ் வேட்பாளரையும் தோற்கடிப்பார் என்பதே திரும்பத் திரும்ப வரும் முடிவு. இந்த மனிதர் ஏன் உள்ளே இருக்கிறார் என்பதற்கு ஐந்து கொலை வழக்கு மட்டுமே காரணம் என்று நான் நம்பாததற்கு இதுதான் ஆதாரம். பேச்சுவார்த்தைக்கு ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்க விரும்பும் இஸ்ரேலிய அரசுக்கு அவர் வெளியே வருவது இடைஞ்சல். தேர்தல் இல்லாமல் ஆளப் பழகிவிட்ட ரமல்லாவுக்கும் அப்படித்தான்.

*

அவர் செய்தவற்றில் முதன்மையானது எது என்று கேட்டால் நான் 2006 மே மாதத்தைச் சொல்வேன்.

ஹமாஸ் ஆட்சிக்கு வந்துவிட்டது. ஃபத்தா விட்டுக்கொடுக்க மறுக்கிறது. காஸா தெருக்களில் இரு தரப்பும் ஒருவரையொருவர் சுடத் தொடங்கியிருந்தார்கள். ஹதாரிம் சிறையில் ஐந்து இயக்கங்களின் கைதிகள் உட்கார்ந்து பேசி 18 அம்சங்கள் கொண்ட ஓர் ஆவணத்தை எழுதினார்கள். ஃபத்தாவுக்காகப் பர்கூத்தி கையெழுத்திட்டார். ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத், மக்கள் முன்னணி, ஜனநாயக முன்னணி ஆகியவற்றின் கைதிகளும் கையெழுத்திட்டார்கள். 1967இல் ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் ஒரு நாடு, அகதிகள் திரும்பும் உரிமை, ஆயுத எதிர்ப்பை அந்த நிலத்துக்குள் குவிப்பது, எல்லா இயக்கங்களும் இருக்கும்படி பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சீரமைப்பது, பேச்சுவார்த்தைப் பொறுப்பை அந்த இயக்கத்திடமும் ஜனாதிபதியிடமும் ஒப்படைப்பது. ஹமாஸின் பெயரால் 1967 எல்லை என்று ஒரு தாளில் எழுதவைத்தது சாதாரணக் காரியம் அல்ல. வெளியே கோட்டும் டையும் அணிந்து எத்தனையோ தலைநகரங்களில் கூடியவர்களால் அது முடியவில்லை.

அப்பாஸ் அந்த ஆவணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹமாஸ் ஏற்காவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு என்று நாள் குறித்தார். ஒற்றுமைக்காக எழுதியதை மிரட்டலாக மாற்றிவிட்டார்கள் என்று ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் கைதிகள் கையெழுத்தைத் திரும்பப் பெற்றனர். ஜூன் 27 அன்று ஒரு திருத்தப்பட்ட வடிவத்துக்கு இரு தரப்பும் உடன்பட்டன. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்புதான் காஸா எல்லையில் கிலாத் ஷாலித் என்ற இஸ்ரேலியச் சிப்பாய் பிடிக்கப்பட்டிருந்தார். குண்டுவீச்சு தொடங்கியது. ஆவணம் செய்தியிலிருந்து மறைந்தது. ஓராண்டு கழித்து, 2007 ஜூனில், காஸா ஒரு கையிலும் ரமல்லா இன்னொரு கையிலுமாகப் பிரிந்தது. இன்றைய பேரழிவுக்கு வந்து சேர்ந்த பாதையில் தவறவிட்ட திருப்பம் இது என்பது என் எண்ணம்.

*

2003 ஜூனில் பாலஸ்தீன இயக்கங்கள் அறிவித்த போர்நிறுத்தத்திலும் அவர் கை இருந்தது, விசாரணைக் கைதியாக இருந்தபோதே.

*

ஹதாரிமில் அவர் ஆசிரியராக இருந்தார். தனிக்கொட்டடியில் கழித்த ஆயிரம் நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாலஸ்தீன சட்டமன்றத்தின் செயல்பாடு பற்றி ஆய்வு செய்து கெய்ரோவின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்றார். கைதிகள் இஸ்ரேலின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க இருந்த வசதியை 2011இல் அரசு நிறுத்தியது. அதன்பின் அல் குத்ஸ் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் சிறைக்குள்ளேயே வகுப்புகள் நடந்தன. இஸ்ரேலிய அரசியலும் சமூகமும் அங்கே ஒரு பாடம். தன்னைச் சிறைவைத்தவர்களைப் பற்றிப் படியுங்கள், அவர்கள் மொழியில் படியுங்கள் என்று கைதிகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரை வெறும் வெறியர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

*

2017 ஏப்ரல் 17, பாலஸ்தீனக் கைதிகள் தினம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் தலைமையில் சாப்பாட்டை நிறுத்தினார்கள். கோரிக்கைகளைப் படித்தால் மனது கனக்கும்: மாதத்துக்கு இரண்டாவது முறை குடும்பத்தைப் பார்க்க அனுமதி, வீட்டோடு பேச ஒரு தொலைபேசி, ஒழுங்கான மருத்துவம், படிக்க வசதி.

அவரை உடனே தனிக்கொட்டடிக்கு மாற்றினார்கள். ஓஃபர் சிறைக்கு வெளியே வலதுசாரி இளைஞர்கள் சிலர் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டார்கள், புகை உள்ளே போகட்டும் என்று. பிறகு அவர் ரகசியமாகத் தின்பண்டம் சாப்பிடுவதாக ஒரு காணொளியைச் சிறைத்துறை வெளியிட்டது. எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிட்டு அடைத்த கொட்டடிக்குள் தின்பண்டம் எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. காணொளியை அவர் தரப்பு மறுத்தது, உண்ணாவிரதம் தொடர்ந்தது. நாற்பதாம் நாள், ரமலான் தொடங்கிய மே 27 அன்று, இரண்டாவது சந்திப்பு திரும்பக் கிடைத்ததோடு முடிந்தது.

*

குடும்பத்தைப் பார்ப்பது ஏன் இவ்வளவு பெரிய கோரிக்கை என்று புரிய, ஒரு சட்ட விஷயம். ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்த கைதியை அந்தப் பகுதிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்கிறது நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 76ஆம் பிரிவு. ஹதாரிம், மெகிதோ, கனோத் சிறைகள் எல்லாம் இஸ்ரேலுக்குள் இருப்பவை. மேற்குக் கரைத் தாய் ஒருவர் மகனைப் பார்க்க இஸ்ரேலிய அனுமதிச் சீட்டு வாங்கி, விடியற்காலையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பேருந்தில் ஏறி, சோதனைச் சாவடிகளைக் கடந்து போய், கண்ணாடிக்கு அப்பால் முகத்தைப் பார்த்து, தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஃபத்வாவின் இல்லறம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நடந்தது. பேரப்பிள்ளைகள் தாத்தாவைச் சிறைக்கு வெளியே பார்த்ததே இல்லை.

*

பர்கூத்தியைப் பலர் மண்டேலாவோடு ஒப்பிடுகிறார்கள். 2013 அக்டோபரில் ராபன் தீவில், மண்டேலா இருந்த அறையிலிருந்தே பர்கூத்தி விடுதலை இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அஹமத் கத்ராடா. மண்டேலாவோடு தண்டிக்கப்பட்டு 26 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவர் சொன்னால் அந்த ஒப்பீட்டுக்கு எடை உண்டு. வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று 1985இல் தென்னாப்பிரிக்க ஜனாதிபதி போத்தா கேட்டபோது மண்டேலா மறுத்ததை இன்று யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஆனால் மண்டேலாவுக்குப் பின்னால் ஒன்றுபட்ட ஓர் இயக்கம் இருந்தது, எதிரே பேசத் தயாரான ஒரு டி கிளெர்க் வந்தார். பர்கூத்திக்கு இரண்டும் இல்லை. ஒப்பிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்.

இஸ்ரேலிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஷின் பெத் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் அமி அயலோன் அவரை விடுவிக்க வேண்டும் என்று 2024இல்கூடச் சொன்னார்.

*

2011இல் ஷாலித்துக்கு ஈடாக 1,027 கைதிகள் விடுதலையானார்கள். பின்னாளில் காஸாவில் ஹமாஸின் தலைவரான யஹ்யா சின்வார் அவர்களில் ஒருவர். பர்கூத்தி இல்லை. இரண்டு நாடுகள் என்று பேசியவரை உள்ளே வைத்துக்கொண்டு மற்றவரை வெளியே விட்ட அந்த முடிவைப் பற்றி இஸ்ரேலிய அரசு இன்றுவரை தன்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

*

ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பிறகு எல்லாம் மாறியது. அவரைத் தனிக்கொட்டடியில் போட்டு, ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பலமுறை அடிக்கப்பட்டார் என்று குடும்பமும் வழக்கறிஞர்களும் சொல்கிறார்கள், சிறைத்துறை மறுக்கிறது. மறுப்பைச் சரிபார்க்க வழியில்லை, ஏனென்றால் செஞ்சிலுவைச் சங்கம் கைதிகளைப் பார்ப்பதை அன்றிலிருந்து நிறுத்திவிட்டார்கள். குடும்பச் சந்திப்பும் இல்லை. 2017இல் நாற்பது நாள் பட்டினி கிடந்து வாங்கிய அனைத்தும் ஒரே வாரத்தில் போயின.

2025 ஆகஸ்டில் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் இதமார் பென் க்விர் அவருடைய அறைக்குள் போய், நீங்கள் வெல்ல மாட்டீர்கள் என்று மிரட்டும் காணொளி வெளியானது. ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காத முகம். எலும்பு தெரிய மெலிந்திருந்தார். பதில் சொல்ல வாயெடுத்தார், பேச விடவில்லை. அமைச்சரவையில் இருக்கும் ஒருவர் கையறு நிலையில் இருக்கும் கைதியின் முன் நின்று வீரம் பேசியதை, அதைப் பெருமையோடு ஊருக்குக் காட்டியதை, என்னால் மன்னிக்க முடியவில்லை.

அக்டோபரில் காஸா போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஹமாஸ் தன் பட்டியலில் அவர் பெயரைக் கொடுத்தது. ஏறக்குறைய 2,000 பேர் விடுதலையானார்கள். அவர் பெயரை இஸ்ரேல் அடித்துவிட்டது.

*

அவர் வெளியே வந்தால் பாலஸ்தீனம் ஒன்றுபட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்த ஒருவர் மீது அவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமும் அல்ல. அவர் விடுதலையாக வேண்டும், வாக்குச்சீட்டில் பெயர் வர வேண்டும், மக்கள் ஏற்கட்டும் அல்லது நிராகரிக்கட்டும். அதற்கு நாளாகலாம். ஆனால் நாளை காலையே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவர் ஒருவரை அந்தக் கொட்டடிக்குள் விட வேண்டும். ஃபத்வாவைத் தன் கணவரைப் பார்க்க விட வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் எங்கே கையெழுத்துக் கேட்டாலும், எந்த மேடையில் பேசக் கிடைத்தாலும், முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள்.